துரை ராத்திரியில் உறுமுகிறது

"அந்த நாய் இருக்கணுமா, நாங்க இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க!"

மாடிப்படியில் மறித்துக்கொண்டு கீழ்வீட்டு ஆடிட்டர் கேட்டபோது, மாடிவீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"சரிங்க சார்."

ஆபீசில் அவருக்குப் பெயரே 'சரிங்கசார்'தான். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் மேனேஜரிடம் அவர் 'முடியாது' என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. மேனேஜர் ஃபைலைத் தூக்கி எறிந்தால், குனிந்து பொறுக்கிக்கொண்டே, "நல்ல யோசனை சார்" என்பார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் துரை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். துரை என்பது ஏழு வருஷமாக அந்த வீட்டில் வளரும் நாய். ஊருக்கு வெளியே ஒரு மரக்கடை குடோனில் காவலுக்கு நாய் கேட்டிருந்தார்கள். நல்ல கெட்டிச் சங்கிலியாகப் போட்டு அனுப்பச் சொன்னார்கள்.

குற்றம் ஒன்றே ஒன்றுதான். துரை ராத்திரி தூக்கத்தில் உறுமுகிறதாம். சரிங்கசார் தன் காதால் கேட்டதில்லை. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவர். ஆனால் ஆடிட்டர் சொல்கிறார், ஆடிட்டரின் சம்சாரம் சொல்கிறாள், போதாக்குறைக்கு இவருடைய மனைவியே அவர்களிடம், "ஆமா, எங்க துரைதான். ஏதோ கனவு காணுது போல" என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அதே மனைவிதான் சனிக்கிழமை அடம்பிடித்தாள். "ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம். அப்புறம் உங்க இஷ்டம்."

கால்நடை டாக்டர் ஒரு பெண்மணி. துரையின் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். எல்லாவற்றுக்கும் துரை வாலை ஆட்டியது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. தூக்கத்துல நாய் உறுமறது சகஜம்தான். நம்மள மாதிரி அதுவும் கனவு காணும். காலை உதறும், முனகும். தொட்டு எழுப்பாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும். எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா" என்றாள் மனைவி.

"மூணு வாரத்துக்கு முன்னாடி வீட்ல ஏதாவது நடந்துதா? சண்டை கிண்டை?"

"எங்க வீட்லயா?" சரிங்கசார் சிரித்தார். "ஆபீஸ்லதான் ஒரு மாற்றம். எனக்கு வரவேண்டிய பதவி மேனேஜரோட மச்சினனுக்குப் போச்சு. போனா போகுது. அவன் கேக் வெட்டினப்போ முதல்ல கைதட்டினதே நான்தான். அதுக்கும் நாய்க்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். "ராத்திரி எடுத்த வீடியோ ஏதாவது இருக்கா?"

மனைவி தயங்கினாள். நாளைக்குச் சங்கிலி ஏறப்போகிற துரையின் கழுத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள்.

உர்ர்ர்ர்...

அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். நடுநடுவே பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். வெளியே பூனையோடு காத்திருந்தவர் கூடையை இறுக்கி அணைத்துக்கொண்டார். டாக்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டு மீதியைப் பார்த்தார்.

"கேட்டீங்களா!" சரிங்கசாருக்கு ஆவேசமே வந்துவிட்டது. "எவ்வளவு வன்மம்! பகல் பூரா வாலை ஆட்டவேண்டியது, ராத்திரி பல்லைக் கடிக்கவேண்டியது. சோறு போடற இடத்துக்குக் காட்டற விசுவாசமா இது? இப்படி ரெண்டு முகம் வெச்சிருக்கற ஜென்மத்தை எப்படி நம்பி வீட்ல வெச்சுக்கறது?"

உறுமல் கேட்ட மறுநொடியே காதை நிமிர்த்திய துரை, நேராக அவரிடம் வந்து கையை நக்க ஆரம்பித்திருந்தது.

"இப்ப மட்டும் நக்கு!" என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "நீங்க இந்த வீடியோவைப் பார்த்ததே இல்லையா?"

"நான் எங்க பார்த்தேன்?"

டாக்டர் சத்தத்தைக் கூட்டி, செல்போனை அவர் பக்கம் திருப்பினார்.

படத்தில், அறை மூலையில் துரை சுருண்டு படுத்துச் சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. உறுமல் வந்தது கட்டிலிலிருந்து.

"உர்ர்ர்... மச்சினனாம் மச்சினன்... நீயெல்லாம் ஒரு மேனேஜராடா..."

துரை விழித்துக்கொண்டது. எழுந்து போய், கட்டிலிலிருந்து தொங்கிய கையை நக்கியது. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

சரிங்கசார் முகத்தில் அசடு வழிந்தது. "ஏன் நாய்னு சொன்னே?"

"வேற என்ன சொல்றது? உங்க மானம் போகக்கூடாதேன்னு வாய்ல வந்ததைச் சொன்னேன். நீங்க இவனையே விரட்டக் கிளம்புவீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? இவன் முகத்தைப் பார்க்கவே கூசுது."

தள்ளிவிட்ட அதே கையைத் துரை மறுபடியும் நக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் தள்ளவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "துரை எங்கயும் போகவேண்டாம், மருந்தும் வேண்டாம். உறுமற ஆளை அனுப்பறதா, வெச்சுக்கறதான்னு நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

மனைவி புருஷனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"வெச்சுக்கறேன் டாக்டர். பகல்ல ரொம்ப சாது."