கேட்கக் கூடாத கேள்விகள்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அதை இப்போது சொல்ல முடியாது. இப்போது பிரஸ்காரம்மா தன் அச்சு மெஷினுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அந்த நேரத்தில் சிரித்துவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தவர் யாரும் கிடையாது.

கடை வாசலில் ஜீப். ஜீப்புக்குள் இன்ஸ்பெக்டர். கடைக்குள் ஏட்டு. மெஷினைத் தூக்கவென்று கூடவே இரண்டு தடி போலீஸ்காரர்கள்.

“போட்ட ரோடு எங்கே?” என்று ஊர்ச் சுவரெல்லாம் ஒரு போஸ்டர். ரோடு போட்டவர் இன்ஸ்பெக்டரின் மச்சான். போஸ்டர் அடித்தது இந்த மெஷின். விவகாரம் அவ்வளவுதான்.

“தூக்குங்கய்யா மெஷினை” என்றார் ஏட்டு, ஜீப் வரைக்கும் கேட்கிற குரலில்.

ஸ்டேஷனுக்குப் போன பொருளின் கதி ஊருக்கே தெரியும். மரக்கடைக்காரரின் குட்டி லாரி அங்கேதான் மழையில் நனைந்து, கொடி படர்ந்து, இப்போது அதற்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. இந்த மெஷினும் போய்விட்டால் அப்புறம் கடைக்கு எதற்குக் கதவு?

“தொட்டுப் பாருங்க” என்றாள்.

“ஏம்மா, நான் ரொம்பப் பொல்லாதவன். என்ன கேஸ், என்ன நம்பர்னு மட்டும் என்கிட்ட கேட்டுடாத. கேட்டே, நடக்கறதே வேற.”

கேட்காதே என்றால் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“கேட்பேன். என்ன கேஸ்? என்ன நம்பர்?”

ஏட்டு திருதிருவென்று விழித்தார். “கேஸ்... இன்னும் போடலை.”

“கேஸே போடாம என் பொருளைத் தூக்குவீங்களோ? அதென்ன உங்க வீட்டுக் கட்டிலா?”

“அடேங்கப்பா, என்னா வாய். இதோட நிறுத்திக்க. எடுக்கற சாமானை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுன்னு போன வாரம் ஒரு கிறுக்கன் கேட்டான். அந்தக் கிறுக்குத்தனம் எல்லாம் இங்க வெச்சுக்காத.”

“எழுதுங்க.” அவள் ஒரு தாளை உருவி மேஜையில் அறைந்தாள். “பிரஸ்ஸுல பேப்பருக்கா பஞ்சம்? பேனாவும் நானே தரேன்.”

ஜீப்பிலிருந்து குரல் வந்தது. “என்னய்யா இவ்வளவு நேரம்?”

“மிரட்டிட்டு இருக்கேன் சார்.”

“நல்லா மிரட்டு.”

ஏட்டு மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டார். “கேட்டுக்கிட்டியா? ஐயாவே சொல்லிட்டார். எழுதறதுன்னா சாட்சி வேணும். தெருவுல போறவன் வர்றவனை எல்லாம் சாட்சின்னு கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

அவர் முடிப்பதற்குள் அவள் வாசலில் இருந்தாள்.

பக்கத்து சலூன்காரர் தோளில் துண்டோடு ஓடி வந்தார். அவர் பின்னாலேயே ஒரு கன்னம் சவரம் ஆகி, மறு கன்னம் நுரையோடு ஒருத்தர். கழுத்தில் டேப் தொங்க எதிர்க்கடைத் தையல்காரர்.

பொறுங்கள். சிரிக்கிற இடம் இதுவும் இல்லை.

“சேர்த்துட்டியா கூட்டத்தை? சரி. அடுத்தது நீ என்ன பேசுவேன்னு தெரியும். தகராறு போஸ்டராலதானே, அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ, மெஷின் எதுக்கும்பே. அதைப் பேசிடாத. முக்கியமா கோர்ட்டுங்கற வார்த்தை உன் வாயில வரவே கூடாது.”

பிரஸ்காரம்மா ஒரு போஸ்டரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“இந்தாங்க போஸ்டர். மெஷின் என்னுது. வேணும்னா கோர்ட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி யாராவது கை வெச்சா நான் கோர்ட்டுக்குப் போவேன்.” “அப்புறம், யார் சொல்லி எடுத்தீங்கன்னு ஐயா பேரையும் அந்தத் தாள்ல எழுதுங்க. கையெழுத்தும் அவரே போடட்டும்.”

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் அவளிடம் கேட்காதே என்று சொல்லவில்லை. அது அவள் சொந்தச் சரக்கு. ஏட்டு ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று ஜீப்புக்குப் போனார்.

“சார், உங்க பேரும் வேணுமாம், கையெழுத்தும் வேணுமாம். சாட்சி எல்லாம் ரெடியா நிக்குது. இறங்கி வர்றீங்களா?”

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். நுரைக் கன்னத்துக்காரர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“வண்டியை எடுய்யா.”

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு பொம்பளையைப் பார்த்ததே இல்லை” என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டு, ஏட்டு ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

உள்ளே பைண்டிங் மேஜையில், கையெல்லாம் பசையோடு உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என்ன சிரிப்பு? போலீஸுக்கே சட்டம் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கேன். மெஷினைத் தொட்டாரா அந்த மீசைக்கார ஏட்டு?”

“அதில்லடி. கேஸ் நம்பர், எழுத்து, சாட்சி, கோர்ட்டு... காலையில வரைக்கும் உனக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியாதே. யார் சொல்லிக் குடுத்தா?”

“யார் சொல்லணும்? அந்த ஏட்டுதான் ஒவ்வொண்ணா, கேட்காதே, கேட்காதேன்னு...”

பிரஸ்காரம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.