ஓட்டு நாளில் உறைந்த கார்

“வண்டி செத்துப்போச்சு, மேடம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் கிராஃப்ட். புருவத்தில் பனி. முழங்கால் வரைக்கும் பனி.

“அடடா” என்று ஐலி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மனிதர் காருக்குள் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைக் குத்தினார். இறங்கி டயரை உதைத்தார். விறைத்த வண்டி கொஞ்சமாவது முனகும். இது முனகக்கூட இல்லை. அவ்வளவு நன்றாக உறைந்துவிட்டது என்று அவளுக்குத் திருப்தி.

வடக்கு ஒன்டாரியோவில் ஜனவரி மாதத்தில் காரைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. இரவெல்லாம் ஒயரை மின்சாரத்தில் செருகி இன்ஜினைச் சூடாக வைக்க வேண்டும். நேற்று சாயங்காலம் விருந்தாளியின் வாடகைக் காருக்கு ஐலிதான் செருகிவிட்டாள். விடியுமுன் அவளேதான் போய்ப் பிடுங்கினாள்.

காரணம் பத்து மணிக் கூட்டம். காகித ஆலைத் தொழிலாளர்கள் சிகாகோவில் இருக்கும் தாய்ச் சங்கத்தை விட்டு விலகித் தனிச் சங்கம் ஆவதா என்று இன்று ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவர் ஐலியின் கணவர் உர்ஹோ. ஓட்டுக்கு முன்னால், தாய்ச் சங்கம் அனுப்பிய கிராஃப்ட் மேடையேறிச் சிகாகோவின் உத்தரவை வாசித்துவிட்டால் உர்ஹோவின் கமிட்டி அங்கேயே கலைந்தது. சங்கக் கட்டிடத்துக்குப் பூட்டு. வீடு வீடாக ஏறி இறங்கி அவர் சேர்த்த ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

ஐலி நடத்துவதைத் தவிர ஊரில் வேறு விடுதி கிடையாது. அதனால் எதிரிக்கும் ஐலி கையால்தான் பான்கேக்.

“டாக்சி கூப்பிடலாமா?” என்றார் கிராஃப்ட்.

“ஒரே டாக்சிதான். டோய்வோ ஓட்டறான். அவன் கல்யாணத்துக்குப் போயிருக்கான்.”

“காலங்காத்தாலயா? யாருக்குக் கல்யாணம்?”

“அவனுக்குத்தான்.”

டோய்வோவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐலியின் காது எரிந்தது.

“நல்லா இருக்கட்டும்” என்று கிராஃப்ட் இன்னொரு பான்கேக்கை இழுத்துக்கொண்டார். “நடந்து போனா?”

“போலாம். போன வருஷம் தபால்காரர் ஒருத்தர் அப்படித்தான் போனார்.”

“போய்ச் சேந்தாரா?”

“ஏப்ரல்ல கிடைச்சார்.”

கிராஃப்ட் யோசித்துவிட்டு, காபிக் கோப்பையை நீட்டினார்.

போன் அடித்தது. உர்ஹோ. “ஆளு எங்க?”

“இங்கதான்” என்று ஐலி ரிசீவரைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“விட்டுடாத, ஐலி.”

“அவர் தின்னற வேகத்துக்கு என் மாவுதான் முதல்ல தீரும். நீங்க போய் ஓட்டை முடிங்க.”

அவள் வைத்ததும் கிராஃப்ட் எழுந்துவந்து சிகாகோவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் யாரோ கத்துவது அடுப்படி வரை கேட்டது.

“உறைஞ்சுபோச்சு சார். குளிரை நானா சார் கொண்டுவந்தேன்? நம்பலைன்னா வீட்டுக்கார அம்மாவையே கேளுங்க.” ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

“கல்லு மாதிரி கிடக்கு சார்” என்றாள் ஐலி. “நான் இந்த ஊர்லயே பொறந்தவ. ஒரு வண்டி இப்படி உறைஞ்சு நான் பாத்ததில்லை.”

காது சிவக்கவில்லை. அன்று காலையிலிருந்து அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மறுபடி போன் அடித்தபோது உர்ஹோவின் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல். யாரோ சுருதி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். “ஜெயிச்சுட்டோம்” என்றார். ஐலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிராஃப்ட் பெட்டியை எடுத்துவந்து வைத்தார். நேற்று அதைத் தூக்கும்போது, “என்ன கனம் கனக்குது, சங்கச் சட்டம் மொத்தமும் உள்ள இருக்கா?” என்று ஐலி கேட்டிருந்தாள். “அதைவிட அவசியமான சாமான்” என்றிருந்தார். இன்று அதை ஒரு விரலில் தூக்கிவந்தது போல இருந்தது. பாவம், வேலை போய்விட்டால் மனுஷன் என்ன செய்வார் என்று அவளுக்குத் தோன்றியது.

“மிஸ்டர் கிராஃப்ட், உங்க பிளக்கை நான்தான் பிடுங்கினேன்.”

“தெரியும்” என்று அவர் கோட்டை மாட்டினார். “மாடியிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். காலணியை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டுப் போனீங்க.”

“இருங்க” என்றாள் ஐலி. “திரும்பச் செருகறேன். சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடும்.”

“எதுக்கு மேடம் சிரமம்?”

வெளியே போனவர் நேராகக் காருக்குப் போகவில்லை. முழங்கால் பனியில் இறங்கி, வீட்டின் பின்பக்கத்துச் சலவைக் கொட்டகைக்குப் போனார். பனிக்கு அடியிலிருந்து நீளமான மஞ்சள் ஒயர் ஒன்றை உருவிக்கொண்டே வந்தார். கொட்டகைப் பிளக்கிலிருந்து காரின் மூக்கு வரைக்கும் அது ஓடியிருந்தது. சுருட்டிப் பெட்டியில் வைத்து மூடினார். காரில் உட்கார்ந்து, அன்று முதல் முறையாகச் சாவியைத் திருகினார்.

ஒரே திருகலில் இன்ஜின் உறுமியது.

கிராஃப்ட் கண்ணாடியை இறக்கினார். “அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ஆலையிலயும் இதே ஓட்டு, மேடம். அங்க தடுக்கறதுக்கும் என்னைத்தான் அனுப்பறாங்க. எங்கம்மா வீட்லதான் தங்குவேன், ஆனா அவங்களுக்குப் பொய் சொன்னா சிரிப்பு வந்துடும். சிகாகோகாரன் போன்ல கேட்டா வண்டி உறைஞ்சுபோச்சுன்னு சொல்றதுக்கு, நீங்க ஒரு நாள் வந்துட்டுப் போக முடியுமா?”

ஐலியின் காது, கொஞ்சம் தாமதமாக, சிவந்தது.