புள்ளி அட்டை

"இவளுக்கே கையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். இவ போய் அங்க யாருக்கு உதவி பண்ணப் போறா, நீங்களே சொல்லுங்க மேடம்."

அம்மா கேட்டேவிட்டாள். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

பயிற்சி மையத்தின் பொறுப்பாளர் கோபப்படவில்லை. "அதைத்தாம்மா இன்னிக்குப் பார்க்கப் போறோம்" என்றார்.

வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் தொண்டு வேலை. பார்வை உள்ளவர்கள், இல்லாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லாரும் கலந்து போகும் இளைஞர் குழு. மகளுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பயிற்சியை முடித்துவிட்டாள், கடைசித் தேர்வு மட்டும் பாக்கி. தேறினால் அடுத்த மாதம் விமானம். தேறாவிட்டால் வீடு. இரண்டில் தனக்கு எது வேண்டும் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

பொறுப்பாளர் மகளிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் எழுத்தே இல்லை, மேடு மேடாகப் புள்ளிகள்தான். மகள் விரலால் தடவிப் படித்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"என்னடி போட்டிருக்கு?"

"சொல்லக் கூடாதும்மா."

"பஸ் நிலையத்துக்குப் பின்னால நம்ம கிளை ஆபீஸ் இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள நடந்து வந்து சேரணும்" என்றார் பொறுப்பாளர். "தெரிஞ்சவங்க யாராவது வழியில கையைப் பிடிச்சாலோ, குரல் கொடுத்தாலோ தேர்வு செல்லாது. நான் கார்ல முன்னாடி போறேன். நீங்க இங்கேயே உட்காருங்கம்மா, வேன் வந்து கூட்டிட்டுப் போகும்."

உட்காருவதாவது! மகளின் கைத்தடிச் சத்தம் வெளியே போனதுமே அம்மா எழுந்துவிட்டாள். கேட் வரை சடக் சடக்கென்று வந்த பிறகுதான் உறைத்தது, செருப்பு காட்டிக் கொடுத்துவிடும் என்று. கழற்றிக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். பத்தடி இடைவெளி விட்டு, வெறுங்காலோடு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி பின்னால் போனாள்.

தார் ரோடு அடுப்பாய்ச் சுட்டது. முட்டி வேறு களுக் களுக்கென்றது.

நாலு கடை தாண்டியதும் மகள் திடீரென்று ரோட்டைக் கடந்து, மரங்கள் இருந்த எதிர்ப்பக்கம் போனாள். போக வேண்டிய ஆபீஸ் இந்தப் பக்கமாயிற்றே! ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அம்மாவும் தட்டுத் தடுமாறிக் கடந்தாள்.

அடுத்து நடைமேம்பாலம். ஏறி இறங்கினால் ஐந்து நிமிடம். மகள் முதல் படியைத் தடியால் தட்டிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு திரும்பி, சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டு மாடிப்படியில் குதித்து இறங்குகிறவள், இங்கே படிக்குப் பயந்துவிட்டாளா? அம்மாவுக்குக் கண் கலங்கியது. தெரியாத ஊரில், பாஷை புரியாத தெருவில், இவள் இப்படித்தானே நிற்பாள்!

சிக்னலில் பச்சை விழுந்தது. 'பீப்... பீப்...' என்று சத்தமும் கேட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். மகள் மட்டும் சிலைபோல நின்றாள். கூட்டத்தில் பின்தங்கியிருந்த அம்மா நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபின், அடுத்த பச்சைக்குத்தான் மகள் கடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக் கடையில் இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றைக் குடித்தாள். மற்றதை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

'பாட்டிலையே மறந்துட்டுப் போறா. பாஸ்போர்ட்டை எங்க விட்டுட்டு நிப்பாளோ!' அம்மா பாட்டிலை எடுத்தாள். நாக்கு வறண்டிருந்தது. பாதியைக் குடித்தே விட்டாள்.

கடைசித் திருப்பத்தில் ஒரு பைக் மகளை உரசுவதுபோலப் போனது. அம்மாவின் வாய்வரை வந்துவிட்டது மகளின் பெயர். ஒரு சத்தம் போட்டால் போதும். தேர்வு அத்தோடு முடிந்தது, மகள் வீட்டோடு இருப்பாள், யாரும் குற்றம் சொல்லவும் முடியாது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி நின்றதற்காகப் பிறகு எத்தனை நாள் அழ வேண்டிவருமோ என்று நினைத்துக்கொண்டே நின்றாள்.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் மகள் கிளை ஆபீசுக்குள் நுழைந்தாள். அம்மா வெளியே, கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"ஏம்மா, அரை மணி நேர வழிதானே? இவ்வளவு சுத்தியா வர்றது?" என்றார் பொறுப்பாளர்.

அம்மா கதவில் காதை வைத்தாள். தேறவில்லை போலிருக்கிறது.

"என்ன மேடம் பண்றது? கேட்லயே செருப்புச் சத்தம் நின்னுபோச்சு. வெறுங்கால் சுடுமேன்னு நிழல் பக்கமா வந்தேன். முட்டிவலியோட பாலம் ஏற முடியாது. ஆனா தண்ணியைக் குடிச்சாங்களான்னுதான் தெரியல."

கதவு திறந்தது. கையில் பாதி பாட்டிலோடு நின்ற அம்மாவை உள்ளே அழைத்து உட்காரவைத்த பொறுப்பாளர், அந்தப் புள்ளி அட்டையை அவளுக்குப் படித்துக் காட்டினார்:

"உன் பின்னால் ஒருவர் பயந்துகொண்டே வருவார். அவருக்கே தெரியாமல் அவரைப் பத்திரமாகக் கூட்டி வந்து சேர்."