குழுவில் எட்டுப் பேர்

"யாரோ ஒருத்தர் சுருதி விடுறீங்க. யாருன்னு தெரிஞ்சா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவங்க பாட வேணாம்." பாடகர் குழுத் தலைவர் சத்தியநாதன் இதைச் சொன்னபோது ஆஷாவைத்தான் பார்த்தார். பயிற்சியில் பாடியதை அவள் போனில் பதிந்திருந்தாள். எட்டுக் குரலும் கூழாகக் கலந்து கேட்டன. பிசகியது தான் இல்லை என்று நிரூபிக்க நல்ல ஒலி வேண்டும்.

குரோம்பேட்டை ஆடியோ கடையில், கடைப் பையன் பாலு போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்டும் ஆம்ப்ளிஃபையர்களை எடுத்து வைத்தான்.

"இவ்ளோ குட்டியா இருக்கே, வேலை செய்யுமா?" என்றாள் ஆஷா.

"மொளகாகூட குட்டிதான்க்கா. கடிச்சுப் பாருங்க."

முதல் ஆம்ப்ளிஃபையரிலேயே குரல்கள் பிரிந்தன. சுருதி விட்டது குழுவில் பக்கத்தில் நிற்கும் தபீதாள். ஆஷாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தன் குரலைக் காணோம். இன்னும் உயர்ந்ததை மாட்டிக் கேட்டாள். தபீதாளின் வளையல் கேட்டது. சத்தியநாதன் காலால் தாளம் போடுவது கேட்டது. குரல்கள் ஏழுதான். பாட்டு தொடங்குமுன் தான் இருமியது நன்றாக நினைவிருந்தது. அந்த இடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"எதைக்கா எடுத்துக்கிறீங்க?"

"எதுவும் வேணாம் பாலு."

"சொல்லுங்கக்கா."

ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஹாரன் துல்லியமாகக் கேட்டது. அதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

பாலு அவள் வாயையே பார்த்தபடி பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான்.