சம்பத்தின் அஜீரணம்

தூக்குச்சட்டியைத் திறந்த கங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் கட்டிக்கொடுத்த சோறு இன்றும் அப்படியே திரும்பியிருந்தது.

“இன்னைக்கும் எறங்கலையா?”

“வயிறு மந்தம்டி. ராத்திரிக்கும் சோறு வேணாம்,” என்றான் சம்பத். ஆம்பூர்த் தோல் மண்டியில் அவன் கணக்குப்பிள்ளை.

ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சீரகக் கஷாயம் என்று அவள் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடித்தான். வயிறு மட்டும் வழிக்கு வரவில்லை. புதினாத் துவையலையும் பார்த்துவிடுவோம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“ஒரு பிடி புதினா குடுக்கா. அந்த மனுசன் வயித்தோட மாரடிக்க என்னால முடியல.”

“எல்லாத்தையும் பள்ளிவாசலுக்குக் குடுத்துட்டேன், நோன்புக் கஞ்சிக்கு,” என்றாள் பக்ருன்னிசா. “ஒங்க ஊட்டுக்காரரு தெனமும் தோஸ்துங்களோட உக்காந்து ரெண்டு கிண்ணம் குடிக்கிறாராமே. அந்த வயித்துக்கு இன்னா கேடு?”

கங்கம்மாள் வந்த வேகத்தில் திரும்பினாள்.

“பள்ளிவாசல்ல ரெண்டு கிண்ணம் கஞ்சியாமே, இன்னா சேதி இது?”

சம்பத் தலை நிமிரவில்லை. “மண்டியில எல்லாரும் பச்சத் தண்ணி பல்லுல படாம வேல செய்றாங்க. அவங்க எதிர்ல தின்ன மனசு வரல. பொழுது சாய்ஞ்சா, கஞ்சி குடிக்காம உட மாட்டேங்கிறாங்க.”

“அத எங்கிட்ட சொன்னா இன்னா கொறைஞ்சுடும்?”

“சொன்னா நீயும் பகல்ல பட்டினி கெடப்பே.”

கங்கம்மாள் தூக்குச்சட்டியை மூடி வைத்தாள்.

“புருசன் சோறு திரும்பி வர்ற ஊட்டுல,” என்றாள், “நான் மட்டும் தின்னுட்டு உக்காந்திருந்தேன்னு யாரு ஒங்களுக்குச் சொன்னது?”