கூட்டு வேலை

மேசை நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. மலைக் கிராமங்களில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை, உடம்புச் சூடு குறையாமல் மெதெயின் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய பெட்டி. அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒயர் வெளியே தெரியுது. பார்த்தா பெத்தவ பயந்துடுவா." இது அம்பாரோ.

"பயந்தா பயப்படட்டும். சூடு நிக்குதா, அதைப் பாரு." ஒராசியோவும் விடவில்லை.

"நீ என்னைக்குத்தான் அடுத்தவங்க சொல்றதைக் கேட்டிருக்கே?"

மூன்றாவது ஆளான கிளாவர் அதற்குள் சண்டையை விட்டு ஒதுங்கிவிட்டார். போனைப் பார்த்தபடி கறுப்புக் காப்பி குடித்ததோடு சரி.

யெசேனியாவுக்குப் பொறுக்கவில்லை. இப்படியே போனால் பெட்டி இந்த அறையைத் தாண்டாது. கூட நின்ற வில்மாரும் தாத்தியானாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சண்டை வேண்டாமே. ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசுங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே வர வேண்டாம். அந்தப் போனையும் கொஞ்சம் கீழே வைங்க," என்றாள்.

அதிசயமாக மூவரும் கேட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் ஒரு முடிவும் வந்தது.

ஒராசியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"பெட்டிக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க். ஒயரை மட்டும் மறைச்சுட்டு மலைக்கு அனுப்பிடலாம்."

"ரொம்ப நன்றி, புரொபசர்!"

"குழுவா வேலை செஞ்சதுக்கு அஞ்சுக்கு ஒண்ணு."

யெசேனியா திடுக்கிட்டாள். "ஏன், புரொபசர்?"

"உங்க குழுவுல நீ ஒருத்தி மட்டும்தானே பேசினே? மத்த ரெண்டு பேரும் வாயே திறக்கலையே."

மற்ற இரண்டு பேராசிரியர்களும், அன்றைக்கு முதல் தடவையாக, ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.