கைத்தவறு

எந்த விஷத்தால் நாட்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கணக்கெடுக்க சியோலிலிருந்து வந்திருந்தாள் நாம்சுக். கரியடுப்புப் புகை, காளான், மாத்திரை என்று வீடுவீடாக எழுதிக்கொண்டு, மிளகாய்த் தோட்டத்தை ஒட்டிய பொக்சுன் வீட்டுக்கு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எதனாலம்மா இறந்தார்?"

"களைக்கொல்லிங்க. மிச்சத்தை பார்லித் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிட்டேன். தெரியாம குடிச்சிட்டார்."

"மூளை இருக்கிறவங்க அப்படி வைப்பாங்களா?" உள்ளேயிருந்து மகள் மிஜோங் சீறினாள். "எங்கப்பாவைக் கொன்னதே இவங்கதான். அப்படியே எழுதிக்குங்க!"

பொக்சுன் தலைகுனிந்தாள். 'தவறுதலாக' என்ற கட்டத்தில் குறியிட்ட நாம்சுக்குக்கும் அவள்மேல் கோபம்தான் வந்தது.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்த பொக்சுன், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுல பேரெல்லாம் வெளிய வருமாம்மா?"

"வராது. எண்ணிக்கை மட்டும்தான்."

"அப்போ சரியா எழுதிக்குங்க. பாட்டில்ல நான் எதையும் ஊத்தலை. அவர் தெரிஞ்சேதான் குடிச்சார். எழுதி வச்சிருந்த கடிதத்தை நான்தான் அடுப்புல போட்டேன்."

நாம்சுக் திகைத்துப்போனாள். "ஏம்மா? பெத்த பொண்ணே உங்களை..."

"முந்தின நாள் சண்டையில, 'நீங்க செத்தாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு அப்பாகிட்ட கத்திட்டா. பதினாறு வயசுப் பிள்ளை, ஏதோ ஆத்திரம். 'இனி நீ நிம்மதியா இரு மகளே'ன்னுதான் அவர் எழுதியிருந்தார்."

பொக்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்மா. உயிரோட இருந்தா போதும்."